காகம் வராத காட்டில் கட்டுச்சோறு

அப்பா மறைந்த அடுத்த ஆண்டு அம்மா மூன்று மாதம் எங்களோடு தங்குவதற்காகத் தென்காசியிலிருந்து சிட்னிக்கு வந்திருந்தார். அக்டோபர் மாதப் பள்ளி விடுமுறையில் அவரை எங்கே அழைத்துச் செல்வது என்று யோசித்தபோது, ஆப்பரா ஹவுஸையும் பாலத்தையும் பார்த்து முடித்துவிட்டவருக்கு இனிக் கட்டடங்கள் வேண்டாம் என்று தோன்றியது. குற்றாலச் சாரலில் வளர்ந்தவருக்கு மழைக்காடு ஒன்றைக் காட்டலாம் என்று, வடக்கே காஃப்ஸ் ஹார்பரில் இரண்டு இரவுகளுக்கு அறை பதிந்து, அங்கிருந்து டோரிகோ தேசியப் பூங்காவுக்குப் போவதாகத் திட்டம் போட்டோம். ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. நாங்கள் பூங்காவுக்குப் போகவிருந்த நாள் அமாவாசை.

அமாவாசையன்று காகத்துக்குச் சோறு வைத்து, அது வந்து எடுத்த பிறகுதான் அம்மா சாப்பிடுவார். அப்பா போனதிலிருந்து இதில் விட்டுக்கொடுத்தல் என்பதே கிடையாது. அன்று அதிகாலையிலேயே எழுந்து, தங்கியிருந்த அறையின் சிறிய அடுக்களையில் புளியோதரையும் தயிர்சாதமும் உளுந்து வடையும் செய்து முடித்து, பால்கனிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கைப்பிடிச் சோற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தார். எட்டு மணி வரைக்கும் ஒரு காகமும் வரவில்லை. கடற்புறாக்கள் இரண்டு வந்து பார்த்தன. அவற்றை அம்மாவே கையைத் தட்டி விரட்டிவிட்டார். "போற இடம் காடுதானே, அங்க வராமலா இருக்கும்" என்று சொல்லி, ஒரு உருண்டைச் சோற்றைத் தனியே சிறு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு காரில் ஏறினார். காலைக் காப்பியைத் தவிர அவர் வயிற்றில் எதுவும் இல்லை.

காஃப்ஸ் ஹார்பரிலிருந்து டோரிகோ ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பசிபிக் நெடுஞ்சாலையில் தெற்கே சிறிது தூரம் வந்து, உள்நாட்டுப் பக்கமாகத் திரும்பினால் 'வாட்டர்ஃபால் வே' என்னும் அருவிச் சாலை தொடங்குகிறது. பெல்லிஞ்சன் ஊர் வரை ஆற்றோரப் புல்வெளியும் பால் பண்ணைகளுமாகச் சமதளம். அதற்குப் பிறகு சாலை மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும்போது காற்றில் ஏற்படும் அதே மாற்றத்தை இங்கும் உணரலாம்: சன்னல் கண்ணாடியைத் திறந்தால் ஈரமும் மக்கிய இலையும் கலந்த ஒரு வாசம், சாலையோரப் பாறைகளில் கசியும் நீர், இரண்டு இடங்களில் சாலையை ஒட்டியே விழும் சிறு அருவிகள். முந்தைய இரவு மழை பெய்திருந்ததால் அருவிகள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. "இதுல குளிக்கலாமா?" என்று அம்மா கேட்டார். அருவி என்றால் குளிப்பதற்கு என்றே அறிந்த ஊர்க்காரருக்கு, அருவியைப் பார்த்துவிட்டு மட்டும் வருவது என்பது பாதிப் பயணம்தான்.

இவ்வளவு மழை இங்கே பெய்வதற்குக் காரணம் எளியது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத இந்தச் செங்குத்தான மலைவிளிம்பில் மோதி மேலே எழும்புகிறது. எழும்பிய காற்று குளிர்ந்து, சுமந்து வந்ததை எல்லாம் விளிம்பின் மேலேயே கொட்டிவிடுகிறது. டோரிகோவில் 1954 பிப்ரவரி 21 அன்று பதிவான 24 மணி நேர மழையளவு 809 மில்லிமீட்டர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரே நாளில் பதிவான மிக அதிக மழை அது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கு மேற்பட்ட மழை ஒரே நாளில் பெய்தது என்று வைத்துக்கொண்டால் அதன் அளவு விளங்கும். மழைக்கு மண்ணும் துணை நிற்கிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதியில் இயங்கிய எரிமலையின் குழம்பு உறைந்து, சிதைந்து, செம்மண்ணாகிக் கிடக்கிறது. வளமான மண்ணும் வற்றாத ஈரமும் சேர்ந்த இடத்தில் மழைக்காடு வளர்ந்தது. அதே வளத்துக்காகவே மலைமேல் இருந்த சமவெளிக் காட்டின் பெரும்பகுதி பின்னாளில் வெட்டப்பட்டு, உருளைக்கிழங்கு வயலும் மேய்ச்சல் நிலமும் ஆனது. இன்று நாம் பார்க்கும் பூங்கா பெரும்பாலும் கலப்பை ஏற முடியாத சரிவில் தப்பிப் பிழைத்த காடு.

டோரிகோ ஊருக்குச் சற்று முன்பே டோம் ரோடு என்னும் பக்கச் சாலை பிரிகிறது. நாங்கள் போனபோது அங்கே பழைய மழைக்காட்டு மையம் இயங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த இடத்தில் புதிய மையம் கட்டும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டதால், இப்போது போக நினைப்பவர்கள் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைப் பூங்காத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பழைய மையத்தை ஒட்டிய 'ஸ்கைவாக்' என்பது மலைச்சரிவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள மரப்பாலம். அதன் நுனியில் நின்றபோது மரங்களின் தலைகள் எங்கள் காலுக்குக் கீழே இருந்தன. அவற்றுக்கு அப்பால் பெல்லிஞ்சர் ஆற்றுப் பள்ளத்தாக்கும், வானம் தெளிந்திருந்தால் அதன் முடிவில் ஒரு கோடாகக் கடலும் தெரியும். எல்லோரும் படம் எடுக்கும் இடம் அதுதான். நாங்களும் எடுத்தோம். அம்மா மட்டும் கடலைப் பார்க்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காகத்தைத் தேடுகிறார் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் உள்ளே போனால் வருவது 'தி கிளேட்' என்ற உணவுத்திடல். பெயருக்குப் பொருளே காட்டின் நடுவில் உள்ள வெட்டவெளி என்பதுதான். ஒரு பெரிய வீட்டு மனை ஐந்தாறு சேர்ந்த அளவுக்குப் புல்தரை, ஆங்காங்கே மர மேசைகள், ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். புல்தரை முடியும் இடத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் காடு தொடங்குகிறது. வேலி இல்லை, புதர் இல்லை. ஓரடி முன்னே வெயில், ஓரடி பின்னே இருட்டு. காட்டின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம், மேலே விழும் வெயிலில் ஓரிரு விழுக்காடுதான் என்று படித்திருக்கிறேன். அந்தக் கணக்கை நம்புவதற்கு அந்த எல்லைக்கோட்டில் ஒரு கையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தால் போதும். நீட்டிய கை குளிர்ந்துவிடும்.

இத்தகைய இடங்களைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. மழைக்காட்டுக்குப் போகிறவர்கள் உணவுத்திடலைக் காரை நிறுத்தும் இடத்தின் தொடர்ச்சியாகவே கருதுகிறார்கள். அவசரமாக எதையாவது தின்றுவிட்டு, உண்மையான காட்டைப் பார்க்க நடைபாதையில் இறங்கி விடுகிறார்கள். ஆனால் காட்டுக்குள் நடப்பவரால் பார்க்க முடிவது பெரும்பாலும் அடிமரங்களையும் தன் காலையும்தான். தலைக்குமேல் 30 மீட்டர் உயரத்தில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. காட்டின் உயரத்தை அடி முதல் நுனி வரை ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமானால் வெட்டவெளி வேண்டும். காட்டு விலங்குகளும் மேய்வதற்கும் வெயில் காய்வதற்கும் அந்த வெட்டவெளியின் ஓரத்துக்குத்தான் வருகின்றன. ஆகவே ஒரு மேசையில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறவர், 6 கிலோமீட்டர் நடந்தவரைவிட அதிகம் பார்க்க வாய்ப்பு உண்டு. முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போனதால் இதைச் சொல்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

காட்டை நோக்கியிருந்த மேசை ஒன்றில் துணியை விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். எங்களுக்கு நேர் எதிரே, எல்லைக்கோட்டில், கொலைகார அத்தி ஒன்று நின்றது. ஏதோ ஒரு பறவை எச்சமிட்ட விதை, ஒரு பெரிய மரத்தின் கிளைக்கவட்டில் முளைத்து, அங்கிருந்து வேர்களைக் கீழே இறக்கி, தாங்கிய மரத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டு வளர்வது இந்த வகை அத்தியின் இயல்பு. உள்ளே இருந்த மரம் செத்து மட்கிப் போக நூற்றாண்டுகூட ஆகலாம். பிறகு வலைப்பின்னலான ஓர் உள்ளீடற்ற தூண் மட்டும் நிற்கும். நம் ஊரில் பனைமரத்தைப் பற்றிக்கொண்டு ஆலமரம் வளர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அதன் பக்கத்தில் நின்ற கராபீன் மரத்தின் அடி, பலகைகளைச் செங்குத்தாக நட்டதுபோல் விரிந்திருந்தது. என் மகன் இரண்டு பலகைவேர்களுக்கு நடுவில் நின்றால் அவன் தலை வெளியே தெரியவில்லை. கிளைகளில் பறவைக்கூட்டுப் பெரணிகள் கூடை கூடையாக ஒட்டியிருந்தன. மேலிருந்து உதிரும் இலைகளை அந்தக் கூடைகள் பிடித்துவைத்து, தமக்கு வேண்டிய எருவைத் தாமே செய்துகொள்கின்றன.

சோற்று உருண்டை இருந்த சிறு டப்பாவைத் திறந்துகொண்டு அம்மா எழுந்தார். புல்தரையின் ஓரத்தில் ஓர் இலையைப் போட்டு அதில் வைத்துவிட்டு வருவது அவர் எண்ணம். நான் தடுக்க வேண்டியிருந்தது. தேசியப் பூங்காவில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு வைக்கக் கூடாது; அதற்கான அறிவிப்புப் பலகை எங்கள் மேசைக்குப் பத்தடி தூரத்தில் நின்றது. அது வெறும் சட்டமாக இருந்தால்கூட நான் கண்டும் காணாமல் இருந்திருப்பேன். ரொட்டியையும் சோற்றையும் தின்று பழகும் வாலபி என்னும் சிறு கங்காருக்களுக்குத் தாடையில் சீழ்கட்டி, எலும்பு வரை அரித்து, தின்ன முடியாமல் செத்துப்போகும் நோய் வருகிறது. மனிதரிடம் தின்று பழகிய பறவைகள் பிறகு வருகிறவர்களின் தட்டிலேயே பாய்கின்றன. இதை எல்லாம் என்னால் முடிந்த அளவு மென்மையாக எடுத்துச் சொன்னேன்.

"காக்காவுக்கு ஒரு வாய் சோறு வைக்கதுல என்ன நோய் வரப்போவுது? அப்பாவுக்கு வைக்கதுக்கு இவங்ககிட்ட கேக்கணுமா?" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. மணி பன்னிரண்டரை. டப்பாவை மூடி மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "நீங்க சாப்பிடுங்க" என்று எங்களுக்குப் பரிமாறத் தொடங்கினார். தாய் பட்டினியாக உட்கார்ந்திருக்க, அவர் கையால் பரிமாறிய புளியோதரையை விழுங்குவது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை.

அந்த அமைதியில்தான் வான்கோழி வந்தது. புதர் வான்கோழி என்று இங்கே அதற்குப் பெயர். உண்மையான வான்கோழிக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இல்லை. கறுத்த உடல், இறகே இல்லாத சிவந்த தலையும் கழுத்தும், கழுத்தடியில் மஞ்சள் நிறத்தில் தொங்கும் ஒரு சதைப்பை, கப்பலின் சுக்கான்போல் நிமிர்ந்து நிற்கும் தட்டை வால். காட்டிலிருந்து வெளியே வந்து, எங்களைப் பார்க்காததுபோல் புல்லைக் கிளறிக்கொண்டே, மேசைக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்தது. அதன் நடையில் ஒரு நோக்கம் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். என் மகள் "பாட்டி!" என்று கத்துவதற்குள் அது இருக்கையின் மேல் ஏறி, அங்கிருந்து மேசைமேல் தாவி, திறந்திருந்த வடை டப்பாவைத் தாண்டி, சரியாக மூடப்படாத சிறு டப்பாவைக் காலால் தட்டிவிட்டது. உருண்டை தரையில் உருண்டது. பறவை இறங்கி, இரண்டு கொத்தில் பாதியை விழுங்கி, மீதியை வாயில் கவ்விக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. சிந்தியிருந்த நான்கைந்து பருக்கைகளை மட்டும் நான் பொறுக்கி எடுத்தேன்.

வடையைத் தொடவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். வடை பக்கத்திலேயே, திறந்தபடி இருந்தது.

அம்மா சிறிது நேரம் காட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "கறுப்பாத்தானே இருந்துச்சு?" என்றார். நான் ஆம் என்றேன். "நாம வைக்கலியே, அதாத்தானே வந்து எடுத்துச்சு?" அதற்கும் ஆம் என்றேன். பூங்காச் சட்டத்தையும் தாம் மதித்தாயிற்று, அமாவாசையும் முடிந்தது என்ற கணக்கில், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தயிர்சாதத்தைப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்த பிறகு அந்தப் பறவையின் வீட்டையும் பார்த்தோம். புல்தரையின் விளிம்பிலிருந்து சில அடி உள்ளே, குப்பையைக் கூட்டிக் குவித்ததுபோல், என் இடுப்பளவு உயரத்தில் ஒரு இலைமேடு. புதர் வான்கோழி அடைகாப்பதில்லை. ஆண் பறவை இரண்டு முதல் நான்கு டன் வரை இலையையும் மண்ணையும் காலால் பின்னோக்கி வாரிவாரிக் குவிக்கிறது. இலை மட்கும்போது உண்டாகும் சூட்டில் முட்டைகள் பொரிகின்றன. மேட்டுக்குள் அலகை நுழைத்துச் சூட்டைச் சோதித்து, கூடினால் மேலே கிளறிவிட்டும் குறைந்தால் இன்னும் இலை போட்டும், 33 முதல் 35 பாகை செல்சியசுக்குள் வைத்துக்கொள்கிறது. குஞ்சு பொரிந்ததும் தானே மேட்டைத் தோண்டிக்கொண்டு வெளியே வந்து, தாய் தந்தை யாரையும் பார்க்காமல், முதல் நாளிலிருந்தே தனக்கான இரையைத் தானே தேடிக்கொள்கிறது. இதைச் சொன்னபோது அம்மா, "பெத்தவங்க முகமே தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்தப் பறவையின் மேல் அவருக்கு இருந்த மரியாதை சற்றுக் குறைந்ததாகத் தோன்றியது.

பிள்ளைகளும் மனைவியும் வோங்கா நடைபாதையில் இறங்கினார்கள். அது 6.6 கிலோமீட்டர் சுற்று. வழியில் கிரிஸ்டல் ஷவர் அருவிக்கு அருகே ஒரு தொங்குபாலம் இருக்கிறது, அருவிக்குப் பின்னால் உள்ள பாறைக்குடைவில் நின்று விழும் நீரை உள்ளிருந்து பார்க்கவும் முடியும். அவர்கள் நனைந்து திரும்பினார்கள், மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். அதற்குமேல் எனக்குச் சொல்ல எதுவுமில்லை, நான் போகவில்லை. நானும் அம்மாவும் திடலிலிருந்து தொடங்கும் சிறிய மரப்பலகைப் பாதையில் மட்டும் மெல்ல நடந்தோம்.

அங்கே அம்மாவுக்குத் தெரிந்தவை ஒவ்வொன்றாகக் கிடைக்கத் தொடங்கின. முதலில் பிரம்பு. இங்கே அதை வக்கீல் கொடி என்கிறார்கள். கொக்கி முட்கள் உள்ள அதன் மெல்லிய கயிறு ஒருமுறை சட்டையில் மாட்டினால் எளிதில் விடாது என்பதால் வந்த பெயர். (என் மைத்துனர் வக்கீல். அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.) மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பிரம்பும் இதுவும் ஒரே பேரினம். அடுத்தது, அகன்ற இதய வடிவ இலையுள்ள ஒரு மரம். அதைத் தொட அம்மா கை நீட்டியபோது நான் பதறிப் பிடித்து இழுத்தேன். அது கொட்டுமரம். நம் காஞ்சொறியைப்போலத் தொட்டால் எரிச்சல் தருவது. இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடி நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. ஆனால் இந்த ஆஸ்திரேலியக் கொட்டுமரம் பல பத்து மீட்டர் உயரம் வளர்வது. இலை முழுவதும் கண்ணாடி ஊசிபோன்ற நுண்ணிய மணல்சத்து மயிர்கள். அவை தோலில் குத்தி முறிந்தால் வலி நாட்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் அந்த நஞ்சைப் பிரித்துப் பார்த்து, அதன் அமைப்பு சிலந்தி, கூம்புநத்தை ஆகியவற்றின் நஞ்சை ஒத்திருப்பதைக் கண்டார்கள். அந்த இலையிலேயே பூச்சி அரித்த ஓட்டைகள் நிறைய இருந்தன. நமக்கு நஞ்சானது எதற்கோ உணவாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது, ஒரு பெயர்ப்பலகை மாட்டிய மரம். சிவப்பு சீடர். பலகையில் இருந்த அறிவியல் பெயரைப் படித்தபோதுதான் எனக்கே பொறிதட்டியது: அது நம் ஊர் சந்தன வேம்பு. உறவு மரம்கூட இல்லை; இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வரை பரவியிருக்கும் அதே ஒரே இனம். அதன் பேரினப் பெயரான 'டூனா' என்பதே வட இந்தியாவில் அதற்கு வழங்கும் 'தூன்' என்னும் பெயரிலிருந்து வந்தது. மழைக்காட்டில் பெரும்பாலான மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்க, இது மட்டும் குளிர்காலத்தில் இலை உதிர்த்து, இளவேனிலில் செம்பழுப்புத் துளிர் விடும். 19ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வெள்ளையர்களை இழுத்து வந்ததே இந்த மரம்தான். செந்நிறத்தில், எடை குறைவாக, இழைப்பதற்கு எளிதாக இருந்ததால் 'சிவப்புத் தங்கம்' என்று அதற்குப் பெயர் வைத்து, பள்ளத்தாக்கில் இருந்ததை முடித்துவிட்டு மலைமேலும் ஏறி வெட்டினார்கள். வெட்டியதை மறுபடி நட்டு வளர்க்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை: தோப்பாக வைத்தால், துளிர் நுனியைத் துளைக்கும் ஒரு அந்துப்பூச்சி வந்து, நேராக வளர வேண்டிய மரத்தைக் கிளைத்துக் கோணலாக்கிவிடுகிறது. அதே பூச்சி இந்தியாவிலும் இதே வேலையைச் செய்கிறது. காட்டுக்குள் மற்ற மரங்களுக்கு நடுவே ஒன்றும் இரண்டுமாக நின்றால்தான் அதன் கண்ணில் படாமல் பிழைக்கும்.

அம்மா அந்த மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்தார். அவருடைய தாத்தா வீட்டில் இருந்த ஒரு பெட்டி இந்த மரத்தில் செய்ததாக இருக்கலாம் என்றார். அதைச் சோதிக்க வழியில்லை.

ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒரே பெருங்கண்டத்தின் பகுதிகள் என்பதையும், அந்தக் கண்டத்தின் 'கோண்டுவானா' என்ற பெயர் நம் நாட்டின் நடுவில் உள்ள கோண்டு மக்களின் நிலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அங்கேதான் அம்மாவுக்குச் சொன்னேன். டோரிகோ உள்ளிட்ட இந்தக் காடுகள் 1986இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1994இல் விரிவாக்கப்பட்டன. இப்போது அவற்றின் அலுவல்முறைப் பெயரே ஆஸ்திரேலியாவின் கோண்டுவானா மழைக்காடுகள் என்பதாகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்பகுதியின் பூர்வகுடிகளான கும்பைங்கிர் மக்கள் வாழ்ந்து பெயரிட்ட நிலத்துக்கு, கோண்டு மக்களின் பெயர் வந்து சேர்ந்திருப்பது விந்தைதான். இதைக் கேட்டு அந்தச் சந்தன வேம்பும் கண்டம் பிரிந்தபோது இங்கே வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அது மிகப் பின்னால் ஆசியாவிலிருந்து வந்த குடியேறி என்றே தாவரவியலார் கருதுகிறார்கள். எங்களைப்போல.

திரும்பி வரும்போது பாதையோரத்தில் சருகைக் கிளறும் ஓசை கேட்டது. கோழியைவிடச் சற்றுப் பெரிய பழுப்புப் பறவை, நீண்ட வால், நீண்ட கால் விரல்கள். யாழ்ப்பறவை. காட்டில் கேட்கும் எல்லாக் குரல்களையும் அப்படியே திருப்பிப் பாடும் அந்தப் புகழ்பெற்ற பறவை, அன்று எங்களுக்காக வாயைத் திறக்கவே இல்லை. புழுவைத் தேடுவதில் மும்முரமாக இருந்தது. உலகின் பாட்டுப் பறவைகள் அனைத்தும் தோன்றியது ஆஸ்திரேலிய நிலப்பகுதியில்தான் என்பது இன்று மரபணு ஆய்வுகளால் பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அந்தக் குடும்ப மரத்தில் முதன்முதலில் பிரிந்த கிளை இந்த யாழ்ப்பறவையினுடையது. குயில் பாட்டுப் பறவை வரிசையில் சேராது. ஆனால் குரலுக்குப் பெயர் போகாத காகம் சேரும். அதாவது, காகத்தின் முன்னோர் இங்கிருந்து கிளம்பி உலகெங்கும் போனவர்கள். நம் முன்னோராக நாம் கருதும் காகத்துக்கே முன்னோர் வீடு இந்தக் கண்டம்தான் என்று நான் விளக்கியபோது, "அப்ப எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாக்கும், அதான் ஒண்ணையும் காணோம்" என்றார் அம்மா.

நான்கு மணிக்கு மேல் வெயில் திடலைவிட்டு விலகியது. மற்ற குடும்பங்கள் கிளம்பிப் போய்விட்டன. அப்போது காட்டின் ஓரத்திலிருந்து பேடிமெலன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முயலைவிடப் பெரிய, கங்காருவின் குட்டித் தம்பிபோன்ற விலங்கு. கழுத்தில் செம்பழுப்பு நிறம். பகலில் காட்டுக்குள் படுத்திருந்து, மாலையில் புல் மேய இந்த ஓரத்துக்கு வரும். ஆனால் ஓரத்திலிருந்து அதிக தூரம் வராது. ஏதாவது அசைந்தால் பின்காலால் தரையை ஒருமுறை 'தொப்' என்று அடித்து மற்றவற்றுக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டு இருட்டுக்குள் மறைந்துவிடும். ஒரு பெண் பேடிமெலனின் வயிற்றுப் பையிலிருந்து ஒரு சிறு தலை வெளியே நீண்டு, தாய் மேயும் அதே புல்லைத் தானும் கடித்தது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் அருவியிலிருந்து திரும்பி வந்து காலணியைக் கழற்றி, அட்டை ஏறியிருக்கிறதா என்று தேடும் வரை, இருபது நிமிடமாவது நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அட்டை என் மனைவியின் கணுக்காலில் ஒன்று, மகனின் காலுறைக்குள் இரண்டு. உப்பு டப்பா எடுத்து வந்திருந்த அம்மாவின் முன்யோசனையை அன்று எல்லோரும் பாராட்டினோம். நீண்ட நடைக்குப் போகாத என் காலிலும் ஒன்று இருந்தது. அது எப்படி வந்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

கிளம்பும்போது குப்பையை எல்லாம் பையில் கட்டி எடுத்துக்கொண்டோம். என் மகள் தண்ணீர்ப் போத்தலின் நீல மூடி வளையத்தைக் கத்தரியால் வெட்டிவிட்டுத்தான் பையில் போட்டாள். பட்டுக்குடிற் பறவை நீலப் பொருள்களை எல்லாம் பொறுக்கிக்கொண்டுபோய்த் தன் குடிலை அலங்கரிக்கும்போது, இந்த வளையம் அதன் அலகிலும் கழுத்திலும் மாட்டிக்கொள்வது உண்டு என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை காஃப்ஸ் ஹார்பரில், காப்பிக்குப் பால் கொதித்துக்கொண்டிருந்தபோது, பால்கனிப் பக்கம் தொண்டை கட்டியதுபோல் ஒரு கரைதல் கேட்டது. கைப்பிடிச் சுவரில், முந்தைய நாள் சோறு வைத்த அதே இடத்தில், நல்ல கறுப்பில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. கண்ணின் கருமணியைச் சுற்றி வெள்ளை வளையம். அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், இடுப்பில் கையை வைத்து நின்று, "நேத்து எங்க போயிருந்த?" என்று கேட்டார். பிறகு, மிச்சமிருந்த தயிர்சாதத்தை எடுத்து வர உள்ளே வந்தார்.